சோடியம் குறைந்தால் உப்புக் குறைந்தது என்று பொருளா?

கோடை தொடங்கிவிட்டால் பொது மருத்துவப் பிரிவில் அன்றாடம் செவியில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "அப்பாவுக்குச் சோடியம் இறங்கிவிட்டதாம்." மறுநாள் உணவு வேளையில் கட்டிலருகே ஊறுகாய்ப் புட்டியும் உப்புப் பொட்டலமும் வந்துவிடும். சோடியம் உப்பில் இருக்கிறது, அது குறைந்துவிட்டது, ஆகவே உப்பைக் கூட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது உறவினர்களின் கணக்கு. பார்வைக்கு நேரான கணக்குத்தான். ஆனால் மருத்துவர் வந்து உப்பைப் பற்றி ஒன்றும் பேசாமல், "தண்ணீரைக் குறையுங்கள், நாளைக்கு ஒரு லிட்டர் போதும்" என்று சொல்லிச் சென்றால் குடும்பத்தினர் திகைத்துப்போகிறார்கள். வெயில் இப்படிக் கொளுத்தும்போது நோயாளிக்குத் தண்ணீரைக் குறைப்பதா?

இத்திகைப்பு இயல்பானது. நீர் வேறு, தாது உப்புகள் வேறு என்று தனித்தனியாக எண்ணியே நாம் பழகியிருக்கிறோம். உடலோ இவ்விரண்டையும் ஒருசேரவே நிர்வகிக்கிறது. இரத்தப் பரிசோதனைத் தாளில் சோடியத்துக்கு எதிரே அச்சாகியிருக்கும் எண், பெரும்பாலான நேரங்களில் உப்பைவிட நீரைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

உடலுக்குள் இருக்கும் நீர்

அறுபது கிலோ எடையுள்ள ஆண் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 36 லிட்டர் நீர் இருக்கிறது. பெண்களுக்கு இது சற்றுக் குறைவு. பிறந்த குழந்தையின் எடையில் முக்கால் பங்கு நீர். முதுமையில் அது பாதியளவுக்கு இறங்கிவிடுகிறது. முதியவர்கள் சிறிய வயிற்றுப்போக்கையும் தாங்க இயலாமல் துவண்டுபோவதற்கு இந்தச் சேமிப்புக் குறைவும் ஒரு காரணம்.

இந்த 36 லிட்டரில் 24 லிட்டர் உயிரணுக்களுக்கு உள்ளேயும், 12 லிட்டர் அவற்றுக்கு வெளியேயும் இருக்கின்றன. வெளியே இருப்பதில் சுமார் 3 லிட்டரே இரத்தத்தின் நீர்ப்பகுதி. உயிரணுவின் உள்ளே ஆட்சி செய்வது பொட்டாசியம். வெளியே ஆட்சி செய்வது சோடியமும் அதன் துணையான குளோரைடும். ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் உள்ள நுண்ணிய எக்கிகள் சோடியத்தை வெளியே தள்ளியும் பொட்டாசியத்தை உள்ளே இழுத்தும் இரவு பகலாக உழைக்கின்றன. நரம்பில் செய்தி ஓடுவதும், தசை சுருங்குவதும், இதயம் துடிப்பதும் இந்த வேற்றுமையால்தான்.

நீருக்கோ இந்தச் சுவர் தடையில்லை. உப்பு எந்தப் பக்கம் செறிவாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நீர் நகரும். மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி வைத்தால் சற்று நேரத்தில் நீர் விட்டுக்கொள்வதை எல்லா வீடுகளிலும் பார்த்திருப்போம். வெளியே உப்பு மிகுந்ததால் மாங்காயின் உள்ளிருந்த நீர் வெளியேறியது. இரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறையும்போது இதற்கு எதிரானது நடக்கும்: நீர் உயிரணுக்களுக்குள் புகும், அவை வீங்கும். கை கால்களில் உள்ள உயிரணுக்கள் சற்று வீங்கினால் பெரிய தீங்கில்லை. மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக்கு வீங்குவதற்கு இடமில்லை. சோடியம் குறைந்தவர்களுக்கு முதலில் குமட்டல், சோர்வு, தடுமாற்றம், பிறகு மனக்குழப்பம், முற்றினால் வலிப்பு என்று எல்லாமே மூளை வழியாக வெளிப்படுவது இதனால்தான்.

நீரின் அளவைக் காப்பவை தாகமும், மூளையிலிருந்து சுரக்கும் வாசோபிரெசின் என்னும் ஹார்மோனும், சிறுநீரகங்களும். சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியேற்றிவிட்டு மற்றதை மீட்டுக்கொள்கின்றன. எவ்வளவு மீட்பது என்று அவற்றுக்கு ஆணையிடுவது அந்த ஹார்மோன்.

ரசத்தில் உப்புப் போதாவிட்டால்

ரசத்தை ஒரு சொட்டு நாவில் விட்டுப் பார்க்கிறோம், உப்புப் போதவில்லை. அந்த ஒரு சொட்டு, உப்பைக் குறைவாகப் போட்டோமா, நீரை அதிகமாக ஊற்றிவிட்டோமா என்று சொல்லாது. அதை அறியப் பாத்திரத்தை எட்டிப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் 122 என்று வந்தால், மருத்துவர் நோயாளியின் நாக்கைப் பார்ப்பதும், காலை அழுத்திப் பார்ப்பதும், படுக்கவைத்தும் உட்காரவைத்தும் இரத்த அழுத்தத்தை அளப்பதும், சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் பாத்திரத்தை எட்டிப் பார்க்கும் வேலைகளே.

வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் நீரும் உப்பும் ஒருங்கே வெளியேறியவருக்கு, வெறும் தண்ணீரை மட்டும் ஈடுசெய்துவந்தால் சோடியம் இறங்கும். அவருக்கு உப்பும் தேவை, நீரும் தேவை. உப்புக் கரைசலைச் சிரை வழியாக ஏற்றுவோம்.

இரண்டாம் வகையினருக்கு உப்பு இழப்பு ஏதும் இல்லை. நுரையீரல் அழற்சி, மூளைப் பாதிப்பு, சில புற்றுநோய்கள் முதலியவற்றாலும், வலிப்புக்குத் தரப்படும் கார்பமசிபைன், ஆக்ஸ்கார்பசிபைன், மனச்சோர்வுக்குத் தரப்படும் எஸிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகளாலும் வாசோபிரெசின் தேவையின்றிச் சுரந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவருக்கு முதல் சிகிச்சை, குடிக்கும் நீரைக் குறைப்பதுதான்.

உறவினர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டியது மூன்றாம் வகையில். இதயத்தின் இறைக்கும் திறன் குன்றியவர்கள், கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்கள், சிறுநீரகச் செயலிழப்பு முற்றியவர்கள் ஆகியோரின் உடலில் உப்பு உண்மையில் மிகுதியாகவே இருக்கிறது. நீர் அதைவிட மிகுதியாக இருப்பதால் செறிவு மட்டும் குறைந்து தெரிகிறது. கால் வீங்கியிருக்கும், படுத்தால் மூச்சுத் திணறும். இத்தகைய ஒருவருக்குச் "சோடியம் குறைவு" என்று கேட்டவுடன் ஊறுகாயும் உப்புக் கஞ்சியும் கொடுத்தால், உப்பு மேலும் நீரைப் பிடித்து வைக்கும். அன்றிரவே மூச்சுத் திணறல் மிகுந்துவிடக்கூடும். இவருக்கு நீரையும் குறைக்க வேண்டும், உப்பையும் குறைக்க வேண்டும். ஒரே எண், மூன்று வேறு சிகிச்சைகள். அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு உப்பு மாத்திரை கொடுத்தார்களே என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளில்லை.

கஞ்சியும் காப்பியும்

எங்கள் பிரிவுக்குச் சோடியம் குறைந்து வருவோரில் ஒரு பெரும் பகுதியினர் மேற்சொன்ன எந்த வகையிலும் முழுமையாக அடங்காதவர்கள். எழுபதைக் கடந்த மூதாட்டியார். இரத்தக் கொதிப்புக்குச் சிறுநீரைப் பெருக்கும் மருந்து கலந்த மாத்திரை. "உப்பைக் குறையுங்கள்" என்ற அறிவுரையை உப்பே கூடாது என்று பொருள்கொண்டு கடைப்பிடிப்பவர். பல் இல்லாமையாலும் பசியின்மையாலும் காலையில் காப்பியும் ரொட்டியும், பகலில் கஞ்சி, இரவில் மீண்டும் கஞ்சி. இவற்றுக்கு மேல், நிறையத் தண்ணீர் குடிப்பது நல்லது என்று யாரோ சொன்னதற்காக நாள்தோறும் மூன்று நான்கு லிட்டர் தண்ணீர்.

இதில் கஞ்சிக்கு உள்ள பங்கு பலரும் அறியாதது. சிறுநீரகத்தால் வெறும் நீரை வெளியேற்ற இயலாது. உப்பும், புரத உணவின் கழிவான யூரியாவும் கரைந்த நீரையே அது வெளியேற்றும். சராசரி உணவு உண்பவரிடம் ஒரு நாளில் ஏறத்தாழ 600 அலகு கரைபொருள் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இளமையான சிறுநீரகம் லிட்டருக்கு 50 அலகு வரை சிறுநீரை நீர்க்கச் செய்யும். எனவே 12 லிட்டர் வரை நீரை வெளியேற்ற முடியும். கஞ்சியும் காப்பியுமாக வாழ்பவரிடம் 200 அலகே சேர்ந்தால், வரம்பு 4 லிட்டராகச் சுருங்கும். முதுமையடைந்த சிறுநீரகத்தால் லிட்டருக்கு 100 அலகுக்குக் கீழே நீர்க்கச் செய்ய இயலாவிட்டால் அந்த வரம்பு 2 லிட்டர். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற மாத்திரைகள் அந்தத் திறனை மேலும் குறைக்கும். அவர் குடிப்பதோ மூன்று லிட்டர். மிச்சம் உடலில் தங்குகிறது.

இத்தகையோருக்குப் பருப்பு, முட்டை, தயிர், மீன் என்று புரதம் சேர்ந்த உணவே பாதி மருந்து. மாத்திரையை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார். தாமாகவே நிறுத்திவிட்டால் இரத்த அழுத்தம் எகிறிப் பக்கவாதத்தில் முடியக்கூடும். வயது முதிர்ந்த ஒருவர் திடீரென்று பேச்சில் தடுமாறினாலோ, நடையில் தள்ளாடினாலோ, காரணமின்றிக் கீழே விழுந்தாலோ, "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

மெதுவாகச் சரிசெய்வது ஏன்?

"ஒரு சோடியத்தை ஏற்ற நான்கு நாட்களா?" என்ற கேள்வியில் இருக்கும் சலிப்பு எங்களுக்குப் புரிகிறது. சோடியம் சிறிது சிறிதாகக் குறையும்போது, மூளையின் உயிரணுக்கள் வீக்கத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளத் தம்முள் இருக்கும் கரைபொருள்களை வெளியே அனுப்பிவிடுகின்றன. இந்த நிலையில் வெளியே சோடியத்தை ஒரே நாளில் உயர்த்தினால், மூளையிலிருந்து நீர் வேகமாக வெளியேறி, மூளைத்தண்டில் உள்ள நரம்புகளின் மேலுறை சிதைகிறது. நோயாளி தெளிந்ததுபோல் தோன்றி, சில நாட்கள் கழித்துப் பேச்சும் விழுங்கும் திறனும் கைகால் அசைவும் இழக்கக்கூடும். அது பெரும்பாலும் மீளாத பாதிப்பு. ஆகவேதான் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயராதபடி, சில மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். வலிப்பு வந்த நிலையில் முதல் சில அலகுகளை மட்டும் விரைவாக ஏற்றுவோம். அதன் பிறகு அங்கும் நிதானமே.

எவ்வளவு நீர் குடிக்க வேண்டும்?

எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண்ணைச் சொல்ல முடிந்திருந்தால் எங்கள் வேலை எளிதாகியிருக்கும். நலமாக இருக்கும் ஒருவருக்குத் தாகமே நல்ல வழிகாட்டி. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறார் என்று கொள்ளலாம். சோற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் நீர் இருக்கிறது. வெயிலில் உழைப்பவருக்குத் தேவை மிகும். அவர் வியர்வையில் இழந்த உப்பையும் உப்பிட்ட மோரோ நீராகாரமோ கொண்டு ஈடுசெய்ய வேண்டும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குக் குடிக்க வேண்டும். முதியவர்களுக்குத் தாக உணர்ச்சி மங்கியிருப்பதால் வேளைக்கு ஒரு குவளை என்று நினைவூட்டிக் கொடுக்கலாம்; அதற்காக வற்புறுத்திக் குடம் குடமாகக் கொடுக்கக் கூடாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் தவிரத் தனியே தண்ணீர் வேண்டாம். எவ்வளவு வெயிலானாலும் சரி. அதன் சிறுநீரகம் மிகுதி நீரை வெளியேற்றும் முதிர்ச்சியை இன்னும் அடையவில்லை.

இதய நோயாளிகளுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் மருத்துவர் ஓர் அளவைக் குறித்துக் கொடுத்திருப்பார். அந்த அளவில் காப்பி, மோர், ரசம், பழச்சாறு, மாத்திரை விழுங்கும் நீர், வாயில் போடும் பனிக்கட்டி அனைத்தும் அடங்கும். காலையில் ஒரு புட்டியில் அன்றைய அளவை நிரப்பிக்கொண்டு, காப்பி குடித்தால் அந்த அளவுக்குப் புட்டியிலிருந்து ஊற்றிவிடுவது நடைமுறையில் நன்றாகப் பயன்படும் வழி. தாகத்தைப் பொறுக்க முடியவில்லை என்பவர்கள் முதலில் உணவில் உப்பைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அப்பளமும் ஊறுகாயும் தட்டில் இருக்கும்வரை தாகம் அடங்காது.

வயிற்றுப்போக்கின்போது

குடலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டே உள்ளே நுழைகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீர் நுழைகிறது. கடுமையான பேதியிலும் இந்த வழி அடைபடுவதில்லை. ஓ.ஆர்.எஸ். பொடியில் உப்புடன் குளுக்கோஸ் இருப்பது சுவைக்காக அன்று, இதற்காகவே. 1971ஆம் ஆண்டு, வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பாங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. சிரை வழியாக ஏற்றும் திரவம் போதாமல் போனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகியவற்றைக் கலந்த நீரை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். அருகிருந்து புகட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினர்களே. நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது.

இப்போது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவை, ஒரு லிட்டர் நீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கடையில் ஒரு லிட்டருக்கான பொட்டலமும் 200 மில்லிலிட்டருக்கான பொட்டலமும் கிடைக்கின்றன. மேலே அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்து, முழுப் பொட்டலத்தையும் அதே அளவு நீரில் கரைக்க வேண்டும். கண்ணளவாகப் பாதிப் பொட்டலம் கரைத்தால் செறிவு மாறிவிடும். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் சில ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கியிருந்தன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இதைத் தடை செய்தது. பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பொட்டாசியம்: இளநீரும் மாற்று உப்பும்

இரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். உடலிலுள்ள பொட்டாசியத்தில் 98 விழுக்காடு உயிரணுக்களுக்குள் இருப்பதால், வெளியே உள்ள இந்தச் சிறிய அளவு சற்றே ஏறினாலும் இறங்கினாலும் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். ஏறுவதில் அச்சத்துக்குரியது, முன்னறிகுறி ஏதும் இல்லாமலே ஏறிவிடும் என்பது. மிகுதியை வெளியேற்றும் முதன்மை உறுப்பு சிறுநீரகம். அது பழுதடைந்தால் உணவில் கவனம் தேவை.

நலமாக உள்ளவர்களுக்குப் பழமும் காயும் கீரையும் தரும் பொட்டாசியம் இரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவும் நண்பன். 300 மில்லிலிட்டர் இளநீரில் 500 முதல் 750 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கலாம். நலமான உடல் அதை எளிதில் கையாளும். சிறுநீரகச் செயலிழப்பு உள்ள ஒருவருக்கு, பார்க்க வந்த உறவினர்கள் ஆளுக்கோர் இளநீராக அன்போடு கொடுத்தால் அது ஆபத்தில் முடியலாம்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாதது மாற்று உப்பு. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கப்படுவதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். இரத்தக் கொதிப்பைக் குறைப்பதில் அது பயனுள்ளது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்கு அதைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள், குழந்தைகள் ஆகியோரை அப்பரிந்துரையிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. டெல்மிசார்டன், ராமிபிரில், ஸ்பைரனோலாக்டோன் ஆகிய மாத்திரைகளும் பொட்டாசியத்தை உயர்த்துபவை. இவற்றில் ஒன்றை உட்கொள்பவர் மருத்துவரைக் கேட்காமல் மாற்று உப்புக்கு மாறக் கூடாது. இந்துப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே; இரத்த அழுத்தத்துக்கு அது சாதாரண உப்பிலிருந்து வேறுபட்டதன்று. பெரும்பாலும் அயோடின் சேர்க்கப்படாததும்கூட. எந்த உப்பானாலும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும்.

எலும்புக்குள் இருப்பவை

கால்சியத்தில் 99 விழுக்காடும் பாஸ்பரஸில் 85 விழுக்காடும் மக்னீசியத்தில் பாதிக்கு மேலும் எலும்புகளில் இருக்கின்றன. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கும், ஒரு குவளைப் பாலில் 240 மில்லிகிராம் அளவுக்கும் கிடைக்கும். கால்சியம் கார்பனேட் மாத்திரையை உணவோடு உட்கொண்டால் நன்கு உட்கிரகிக்கப்படும். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்; இரும்புச்சத்து மாத்திரையையும் அதனுடன் சேர்த்து விழுங்கக் கூடாது. பாஸ்பரஸ் குறைபாடு அரிது. சிறுநீரக நோயாளிகளுக்கு அது மிகுவதே தொல்லை. கோலா பானங்களையும் பதப்படுத்திய இறைச்சியையும் அவர்கள் தவிர்க்க வேண்டும்.

மக்னீசியத்தைப் பற்றி ஒன்று மட்டும். அது குறைந்திருந்தால் எவ்வளவு கொடுத்தாலும் பொட்டாசியம் ஏறாது. "வாயு மாத்திரை" என்று ஆண்டுக்கணக்கில் தாமாகவே வாங்கி உண்ணும் பாண்டோபிரசோல், ஒமிபிரசோல் ஆகியவை சிலருக்கு மக்னீசியத்தைக் குறைக்கும். மறுபரிசோதனைக்கு வரும்போது, மருத்துவர் எழுதிக் கொடுத்தவற்றோடு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியவற்றையும் அட்டையோடு கொண்டுவாருங்கள். இதய நோயாளிகளும் சிறுநீரக நோயாளிகளும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன் எடுத்த எடையை நாள்வாரியாகக் குறித்துவைத்துக் காட்ட வேண்டும். மூன்று நாட்களில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் அது சதையன்று, நீர். மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள்.